ஊரில் எல்லோரிடமும் இரண்டு முறை பேசுங்கள்: கதை சொல்லும் ரோல் பிளேயிங் கேமுக்குப் புதியவர்களுக்கு

போன கோடை விடுமுறையில் என் சித்தி மகன் ஒரு ரோல் பிளேயிங் கேமை, அதாவது ஒரு பாத்திரமாக நடந்து கதையை வாழும் வீடியோ விளையாட்டை, தொடங்கி 40 நிமிடத்தில் மூடிவைத்துவிட்டான். "ஒன்றுமே நடக்கவில்லை அண்ணா, எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வசனப் பெட்டி ஒவ்வொன்றையும் படிக்காமல் பொத்தானை அழுத்தித் தள்ளினான். ஊருக்குள் நுழைந்த மறுநொடியே வெளியேறும் வழியைத் தேடினான். வழியில் நின்ற கிழவரிடமும் சிறுமியிடமும் ஒரு சொல் பேசவில்லை. கார்ப் பந்தயமும் கிரிக்கெட்டும் ஆடிப் பழகிய கைக்கு அதுதான் இயல்பு. அவனை மறுபடி உட்காரவைத்து அதே விளையாட்டை முதலிலிருந்து தொடங்கச் செய்தேன். அடுத்த இரண்டு வாரம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டின் சுவை எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். நீங்கள் செய்ததை அந்த உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு நாள் போகிற போக்கில் செய்த சிறு காரியம், பத்து மணி நேரம் கழித்து வேறோர் ஊரில், வேறொருவர் வாயிலிருந்து உங்களிடம் திரும்பி வருகிறது. சண்டையும் இசையும் ஓவியமும் அதற்குத் துணை நிற்பவை. புதியவர்கள் செய்ய வேண்டியது, அந்த நினைவில் பதியும்படி நடந்துகொள்வது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

உதாரணத்துக்கு ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: 'குரோனோ டிரிக்கர்' என்ற காலப் பயணக் கதை. சில திருப்பங்களைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியை எழுத முடியாது. மிகப் பெரியவற்றை மட்டும் உங்களுக்காக விட்டுவைக்கிறேன்.

படி 1: சிறியதாக ஒன்றை எடுங்கள்

முதல் முறையே நூறு மணி நேரக் கதையில் இறங்காதீர்கள். 'பெர்சோனா 5' அருமையான படைப்பு. டோக்கியோவில் ஒரு பள்ளி மாணவனின் வாழ்க்கையைக் காலை, மாலை, இரவு என்று நாள் நாளாக நடத்திக்காட்டுகிறது. ஆனால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கான கடல். 'டிராகன் குவெஸ்ட் 11' மென்மையான தொடக்கம்தான். ஆனாலும் 50 மணி நேரத்துக்குக் குறையாது.

'குரோனோ டிரிக்கர்' கதையை 20 முதல் 25 மணி நேரத்தில் முடித்துவிடலாம். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மாதத்துக்குள் முடியும். ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்காக, அதாவது தொலைக்காட்சியில் இணைக்கும் விளையாட்டுக் கருவிக்காக, வெளியிட்டது. அந்த நாளில் ஸ்குவேரின் 'ஃபைனல் ஃபேன்டஸி'யும் எனிக்ஸ் நிறுவனத்தின் 'டிராகன் குவெஸ்ட்'டும் எதிரெதிரே நின்ற இரண்டு மலைகள். முதலாவதை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியும் இரண்டாவதை உருவாக்கிய யூஜி ஹோரியும் இந்த ஒரு விளையாட்டுக்காகச் சேர்ந்து உழைத்தார்கள். பாத்திரங்களை வரைந்தவர் 'டிராகன் பால்' ஓவியர் அகிரா டோரியாமா. அந்த இரண்டு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தது 2003இல்தான். கலைஞர்கள் எட்டு ஆண்டு முந்திக்கொண்டார்கள்.

பழைய கன்சோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1999இல் பிளேஸ்டேஷனுக்கும் 2008இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கும் 2011இல் கைபேசிக்கும் 2018இல் கணினிக்கும் பதிப்புகள் வந்தன. கணினிப் பதிப்பை வாங்கிக் கன்ட்ரோலரை இணைத்து விளையாடுவதையே பரிந்துரைப்பேன். பொத்தான்கள் கைக்குள் இருக்க வேண்டும், திரை சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். இந்த விளையாட்டு அதற்காகச் செய்யப்பட்டது.

படி 2: மொழிக்கு ஒரு ஏற்பாடு

தமிழில் இது கிடையாது. ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். இதற்காகத் தயங்குபவர்கள் நிறையப் பேர். தயங்க வேண்டாம். வசனப் பெட்டி நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை பொதுவாகக் காத்திருக்கும். ஒரு வரியை மூன்று முறை படிக்கலாம், தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டலாம். குரல் நடிப்போடு வரும் புதிய விளையாட்டுகளில் வசனம் தானாக ஓடிவிடுவதுண்டு. முதல் விளையாட்டாகப் பழையதொன்றை எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

1995ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், தவளை உருவில் வரும் மாவீரன் ஃப்ராக் பழங்காலக் காவிய ஆங்கிலத்தில் பேசுவான். ஜப்பானிய மூலத்தில் அப்படி இல்லை. 2008ஆம் ஆண்டின் மறுமொழிபெயர்ப்பு அதை நேராக்கியது. பின்வந்த பதிப்புகளும் அதையே வைத்துக்கொண்டதால் இப்போது விளையாடுபவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த வழி. யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடுங்கள். நான் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "அந்தத் தவளை இப்போது என்ன சொல்கிறது?" என்று அவர் கேட்கும்போதுதான், நான் எத்தனை வரிகளை அரைகுறையாகப் படித்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

படி 3: தொடக்க அமைப்பு

புதிய ஆட்டம் தொடங்கும்போது சண்டை முறை பற்றி ஒரு கேள்வி வரும்: 'ஆக்டிவ்' வேண்டுமா, 'வெயிட்' வேண்டுமா. வெயிட்டைத் தேர்ந்தெடுங்கள். மந்திரமோ மருந்தோ தேர்ந்தெடுக்கும்போது எதிரியின் நேரமும் நிற்கும். நாயகனுக்கு உங்கள் பெயரை வைக்கலாம், இயல்பான பெயரையே விடலாம். அதில் சரி தவறு இல்லை.

படி 4: முதல் ஊரை விட்டு நகராதீர்கள்

மணியோசை கேட்கிறது. அம்மா திரைச்சீலையை விலக்கி மகனை எழுப்புகிறாள். கார்டியா நாடு பிறந்து ஆயிரம் ஆண்டு ஆனதற்கான திருவிழா இன்று. இதுதான் தொடக்கம். அரக்கன் இல்லை, உலகை அழிக்கும் சாபம் இல்லை. ஒரு பையன் திருவிழாவுக்குப் போகிறான், அவ்வளவுதான்.

இங்கேதான் புதியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். இங்கேதான் நான் உங்களை நிற்கச் சொல்கிறேன். வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அம்மாவிடம் மறுபடி பேசுங்கள். திருவிழாவுக்குப் போனால் ஓட்டப்பந்தயத்தில் பணயம் வைக்கலாம், குடிப்போட்டியில் கலந்துகொள்ளலாம், பாட்டுப் பாடிக்கொண்டே சண்டைக்கு அழைக்கும் கேட்டோ என்ற இயந்திரத்தோடு மோதலாம். ஓரிடத்தில் ஒரு பொன்கூந்தல் பெண் உங்கள்மீது மோதி விழுவாள், அவள் கழுத்துப் பதக்கம் தெறித்துப்போய்த் தூரத்தில் விழும். ஒரு சிறுமி தன் பூனையைக் காணவில்லை என்பாள். ஒரு மேசையில் யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் நாயகன் அதைத் தின்றுவிடுவான்.

விளையாட்டுகளில் கிடைப்பதை எல்லாம் எடுப்பது நமக்குப் பழக்கம். பெட்டி இருந்தால் திறப்போம், உணவு இருந்தால் உண்போம். யாரும் தடுப்பதில்லை. எனவே யோசிக்காமல் செய்துவிட்டு நகர்கிறோம். சில மணி நேரம் கழித்து, அந்தப் பொன்கூந்தல் பெண்ணான இளவரசியைக் கடத்தியதாக நாயகன்மீது வழக்கு வருகிறது. ஏழு நடுவர்கள் உட்கார்ந்திருக்கும் நீதிமன்றம். சாட்சிகள் ஒவ்வொருவராக அழைக்கப்படுகிறார்கள். "என் சாப்பாட்டைத் தின்றவன் இவன்தான்" என்கிறார் ஒரு முதியவர். பூனையைத் தேடித் தந்திருந்தால் அந்தச் சிறுமி வந்து உங்களுக்காகப் பேசுகிறாள். பெண் விழுந்து கிடந்தபோது முதலில் அவளை நலம் விசாரித்தீர்களா, பதக்கத்தை எடுக்க ஓடினீர்களா என்பதும் அங்கே எடுத்துவைக்கப்படுகிறது.

முதன்முதலில் நான் அந்த நீதிமன்றத்தில் நின்றபோது காது சுட்டது. அந்தப் பொட்டலத்தை நான் தின்றிருந்தேன். கையில் கன்ட்ரோலருடன் வீட்டில் உட்கார்ந்திருந்த என்மீதுதான் குற்றம். நாயகனின் விரல் என் விரல்தானே. நாவலில் ஒரு பாத்திரம் திருடினால் நாம் அவனை எடைபோடுகிறோம். இங்கே எடைபோடப்படுவது நாம். வேறெந்தக் கலையிலும் இந்த வெட்கத்தை நான் அனுபவித்ததில்லை.

தீர்ப்பு எப்படி வந்தாலும் அமைச்சர் உங்களைச் சிறைக்குத்தான் அனுப்புவார், கதை அதே தடத்தில் போகும். அதைக் கண்டுபிடித்துவிட்டு "அப்படியானால் இதற்கு என்ன பயன்" என்று கேட்பவர்கள் உண்டு. கதையின் போக்கு மாறாவிட்டாலும் அதற்குள் நீங்கள் யார் என்பது மாறுகிறதே, அது போதாதா?

எனவே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரிடமும் பேசுங்கள். ஒரு பெரிய நிகழ்வு நடந்து முடிந்ததும் திரும்ப வந்து மறுபடி பேசுங்கள். பலரின் வசனம் மாறியிருக்கும். பெரும்பாலும் சின்ன மாற்றம்தான், ஒரு வரி. அந்த ஒரு வரிகளால் ஆனதுதான் அந்த ஊர்.

படி 5: சண்டையையும் கதையாகப் படியுங்கள்

1986இல், சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய ஃபேமிகாம் கன்சோலில் வந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்'டில், வரைபடத்தில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று திரை மாறி எதிரி முளைப்பான். எப்போது வருவான் என்று தெரியாது. கன்சோல் ஆர்பிஜிகள், அதாவது ரோல் பிளேயிங் கேம்கள், நீண்ட காலம் அப்படித்தான் இருந்தன. 'குரோனோ டிரிக்கர்' அதை உடைத்தது. எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரே உலவுகிறார்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே வாள் உருவப்படுகிறது, சண்டை முடிந்ததும் அதே இடத்திலிருந்து நடக்கிறீர்கள். சிலரை ஒதுங்கிப் போயே தவிர்க்கலாம்.

நின்ற இடம் முக்கியம். சில தாக்குதல்கள் நேர்க்கோட்டில் பாயும், சில வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லோரையும் தொடும். எதிரிகள் ஒன்றுகூடும்வரை அரை நிமிடம் காத்திருந்து அடித்தால் மூன்று பேர் ஒரே வீச்சில் விழுவார்கள். இரண்டு நண்பர்களின் முறையும் வந்திருந்தால் இருவரும் சேர்ந்து ஒரே தாக்குதல் செய்யலாம். கூட்டாளி லூக்காவின் நெருப்பு நாயகனின் வாளில் ஏறிச் சுழல்வதும், நாயகனும் ஃப்ராக்கும் இரு பக்கமிருந்து பாய்ந்து குறுக்காக வெட்டுவதும் அப்படிப்பட்டவை. யாரோடு யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் புதியவை திறக்கும்.

பெரிய எதிரிகள், அதாவது பாஸ்கள், பேசினால் கவனியுங்கள். ஒரு குகையில் ஹெக்ரான் என்றொருவன் இருக்கிறான். நடுவில் நின்று, முடிந்தால் தாக்கிப் பார் என்பதுபோல் சவால் விடுவான். ஆத்திரத்தில் அடித்தால் வெள்ளம் போன்ற மந்திரம் திரும்பி வந்து மூவரையும் சாய்க்கும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு காயத்துக்கு மருந்து போட வேண்டும். அதற்கு முன்பே, சிறையிலிருந்து தப்பும் பாலத்தில் ஒரு டிராகன் பீரங்கி வண்டி வரும். அதன் தலை மற்றப் பாகங்களைச் சரிசெய்துகொண்டே இருக்கும். தலையை முதலில் வீழ்த்தாமல் உடம்பை அடித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

தோற்றால் என்ன செய்வது? முதலில் ஆயுதத்தையும் கவசத்தையும் பாருங்கள். அடுத்து, எதிரி எந்த மந்திரத்துக்கு அஞ்சுகிறான், எதை விழுங்கிக்கொள்கிறான் என்று பாருங்கள். கூட்டாளிகளை மாற்றிப் பாருங்கள். எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் பழைய இடங்களில் சண்டையிட்டு லெவலை உயர்த்துங்கள். கிரைண்டிங் என்று சொல்லப்படும் இந்த அரைத்த மாவையே அரைக்கும் வேலை இந்த விளையாட்டில் அநேகமாகத் தேவைப்படாது. எண்கள் ஏறுவதில் ஒரு தனிச் சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதைக்காக வந்தவர் அதில் பத்து மணி நேரத்தைச் செலவிட்டால் கதையின் சூடு ஆறிப்போகும்.

படி 6: கூட்டாளிகளை மாற்றிக்கொண்டே இருங்கள்

ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் நடக்க முடியும். மொத்தம் ஏழு பேர் வரை சேர்வார்கள், பல காலங்களிலிருந்து. கி.பி. 1000இன் லூக்கா இயந்திரம் செய்பவள். கி.பி. 2300இன் பாழ்நிலத்தில் துருப்பிடித்துக் கிடந்தவன் ரோபோ. அய்லா கி.மு. 6,50,00,000இல் ஊர்வன இனத்தோடு போரிடும் குலத்தலைவி. பலசாலி மூவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை மறந்துவிடுவது எளிது. அப்படிச் செய்தால் பாதி விளையாட்டைத்தான் பார்ப்பீர்கள். ஒரே காட்சியில் யார் உடன் இருக்கிறார் என்பதைப் பொறுத்து வசனம் மாறுகிறது.

கூட்டாளிகளுக்கு மந்திரம் கற்றுத் தருகிற ஒருவனைக் கதையில் சந்திப்பீர்கள். ஆனால் அய்லாவுக்கு அவனால் கற்றுத்தர முடியாது. மனிதருக்கு மந்திரம் வந்து சேர்வதற்கு முன்பே பிறந்தவள் அவள். நல்ல ஆர்பிஜியில் எண்களும் விதிகளும் இப்படித்தான் கதையிலிருந்து முளைக்கின்றன. 2300இல் பசியால் வாடும் மனிதர்களிடையே ஒரு உறக்கப் பெட்டி இருக்கும். அதில் நுழைந்து வந்தால் உயிர்ப்புள்ளிகள் எல்லாம் நிரம்பிவிடும். ஆனாலும் பசி தீரவில்லை என்று ஒரு வரி தோன்றும். மேலே பட்டையில் எல்லாம் நிறைந்திருக்கிறது, கீழே இப்படி ஒரு வரி. அந்த எதிர்காலத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

படி 7: திரும்பிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்வேன்.

கதையின் பின்பாதியில் பறக்கும் கால இயந்திரம் உங்கள் கைக்கு வரும். எந்தக் காலத்துக்கும் போகலாம். கடைசி எதிரியை நோக்கி நேராகவும் போகலாம். போகாதீர்கள். பழைய ஊர்களுக்குப் போங்கள்.

கி.பி. 1000இல் போரே என்ற ஊரில் ஒரு நகரத்தலைவர் இருக்கிறார். கருமி. ஊரெல்லாம் சொல்லும். பின்னர் உங்களுக்குத் தேவைப்படும் கல் ஒன்று அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டால் தர மாட்டார். சண்டையிட்டு வாங்கவும் முடியாது. அதே ஊரில் ஒரு கடையில் உப்புக்கண்டம் விற்கிறார்கள், விலை 9,900 பொன். அதை வாங்கிக்கொண்டு 400 ஆண்டு பின்னால், கி.பி. 600க்குப் போனால், அதே வீட்டில் அவருடைய மூதாதையான ஒரு பெண் இருக்கிறாள். உப்புக்கண்டத்தைப் பார்த்ததும் 10,000 பொன் தருகிறேன் என்கிறாள். 100 பொன் லாபம். வேண்டாம், சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொன்னால் அவள் நெகிழ்ந்துபோய், இந்தத் தாராள மனத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பேன் என்கிறாள். மறுபடி 1000க்கு வந்து பாருங்கள். தலைவர் வேறு மனிதர். கல்லை அவரே எடுத்துத் தருகிறார்.

நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு கருமியைத் திருத்த உங்களிடம் வாள் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, கால இயந்திரம் இருக்கிறது. வேலை செய்தது ஒரு துண்டு உப்புக்கண்டமும் ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லும். முன்பு அவர் வீட்டுக்குப் போய் அவர் வாயிலிருந்தே கருமித்தனத்தைக் கேட்டிருந்தவருக்குத்தான் இந்த மாற்றம் இனிக்கும். என் சித்தி மகன் முதல் முறை வேகமாகக் கடந்துபோன வீடுகளில் அதுவும் ஒன்று.

இன்னொன்று. கி.பி. 600இல் ஒரு பாலைவனம். அதை மறுபடி காடாக்க நினைக்கும் ஒரு பெண். மனித ஆயுள் போதாத வேலை. ரோபோ முன்வருகிறான்: நான் இங்கேயே தங்கி உழுகிறேன். நீங்கள் அவனை விட்டுவிட்டு இயந்திரத்தில் ஏறி 1000க்கு வருகிறீர்கள். உங்களுக்கு அது ஒரு நிமிடப் பயணம். இறங்கினால் வரைபடத்தில் மணல் இருந்த இடத்தில் காடு. உள்ளே ஒரு சிறு கோயில். அதில் 400 ஆண்டு உழைத்து ஓய்ந்த ரோபோவின் உடல்.

அவனைச் சரிசெய்து எழுப்பிய அன்றிரவு எல்லோரும் காட்டில் தீ மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரவில் எந்தப் பொத்தானையும் அவசரமாக அழுத்தாதீர்கள். எல்லோரும் உறங்கியபின் லூக்கா மட்டும் எழுந்துகொள்வாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் லூக்காவின் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள் அம்மாவிடம் பேசியிருந்தீர்கள் என்றால், அந்த இரவு உங்கள்மீது வேறு கனத்தோடு இறங்கும்.

இவை இரண்டும் விருப்பப் பகுதிகள். செய்யாமலே விளையாட்டை முடிக்கலாம். பக்கக் கதைகளை வெறும் பட்டியல் வேலையாக வைத்திருக்கும் விளையாட்டுகள் ஏராளம்: பத்து மூலிகை பறித்து வா, ஐந்து ஓநாய் கொன்று வா. அவற்றைத் தாராளமாக விட்டுவிடுங்கள். ஒரு கூட்டாளியின் பெயரோடு பின்னப்பட்ட பக்கக் கதையை மட்டும் விடாதீர்கள்.

படி 8: இசைக்கு நேரம் கொடுங்கள்

சூப்பர் ஃபேமிகாமின் ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் 8 ஒலித்தடங்களை மட்டுமே இசைக்கும். அந்தச் சிறு இடத்துக்குள் யசுனோரி மிட்சுதா ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு நிறம் தந்தார். ஸ்குவேரில் ஒலி விளைவுகள் செய்துகொண்டிருந்த இளைஞர் அவர். இசையமைக்க வாய்ப்பு தராவிட்டால் விலகிவிடுவேன் என்று சகாகுச்சியிடம் சொல்லி இந்த வேலையைப் பெற்றார். இரவு பகலாக உழைத்து வயிற்றுப்புண்ணால் நோயுற்றபோது மீதியை 'ஃபைனல் ஃபேன்டஸி' இசையமைப்பாளர் நோபுவோ உவேமட்சு எழுதிக்கொடுத்தார்.

கி.பி. 600இன் வரைபடத்தில் முதன்முறை கால் வைக்கும்போது ஒலிப்பது, ஜப்பானிய மொழியில் காற்றின் ஏக்கம் என்று பொருள்படும் தலைப்புடைய இசை. நடக்காமல் நில்லுங்கள். முழுவதும் ஒரு சுற்று ஓடட்டும். காதொலிப்பான் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: சேமிப்பும் உதவியும்

உலக வரைபடத்தில் எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம். குகைகளில் மின்னும் புள்ளிகளில் சேமிக்கலாம். கண்டதும் சேமியுங்கள், ஒரே இடத்தில் மேலெழுதாமல் இரண்டு மூன்று இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். 1986இன் 'டிராகன் குவெஸ்ட்'டில் சேமிக்கும் வசதியே இல்லை. 20 எழுத்துள்ள உயிர்ப்பு மந்திரம் என்ற கடவுச்சொல் ஒன்றைத் திரையில் காட்டும், அதைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் உழைப்பெல்லாம் போயிற்று. அந்தக் காலத்துச் சிறுவர்களை நினைத்துக்கொண்டு நான் மின்னும் புள்ளி ஒன்றையும் தாண்டிப் போவதில்லை.

எவ்வளவு நேரம் விளையாடுவது? 1994இல் வந்த 'மதர் 2' விளையாட்டில் நாயகனின் அப்பா தொலைபேசியில்தான் இருப்பார். ஆட்டத்தைச் சேமிப்பவரே அவர்தான். நீண்ட நேரம் விளையாடினால் அவரே அழைத்து, சற்று ஓய்வெடுக்கக் கூடாதா என்பார். மற்ற விளையாட்டுகளில் அப்படி ஓர் அப்பா இல்லை, நீங்களாக எழுந்துகொள்ளுங்கள். ஒரு நிகழ்வு முடிந்து ஊருக்குத் திரும்பியதும் நிறுத்துவது நல்லது. மறுநாள் எங்கே போக வேண்டும் என்பதை ஒரு நோட்டில் ஒற்றை வரியாக எழுதிவையுங்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டால் அந்த வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

வழி தெரியாமல் 30 நிமிடம் சுற்றினால் இணையத்தில் வழிகாட்டியைப் பாருங்கள், வெட்கம் வேண்டாம். ஆனால் அதற்கு முன், காலத்தின் முடிவு என்ற இடத்தில் விளக்குக் கம்பத்தின் கீழ் நிற்கும் முதியவரிடம் கேளுங்கள். அடுத்து எங்கே என்பதை அவர் சொல்வார். அதே இடத்தில் ஓரமாக ஒரு வாளி ஒளிரும். அதைத் தொட்டால் 1999இல் உலகை எரிக்கும் கடைசி எதிரி லாவோஸிடம் நேராகப் போய் நிற்பீர்கள். முதல் ஆட்டத்தில் அந்த வாளியை விட்டுவிடுங்கள். பாதி வழியில் கதை உங்களுக்கு ஒரு பெரிய அடி கொடுக்கும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் இருக்க, வழிகாட்டியில் தேவையான பத்தியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

படி 10: முடிந்த பிறகு

இந்த விளையாட்டுக்கு முடிவுகள் பத்துக்கும் மேல். லாவோஸை எப்போது வீழ்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அவை மாறும். ஒருமுறை முடித்ததும் 'நியூ கேம் பிளஸ்' என்ற புதிய தேர்வு தோன்றும். சம்பாதித்த பலத்தோடும் ஆயுதங்களோடும் முதலிலிருந்து தொடங்கலாம். இன்று எத்தனையோ விளையாட்டுகளில் இருக்கும் இந்த வசதிக்கு அந்தப் பெயரைத் தந்தது இதுதான்.

இப்போது திருவிழாவில் லூக்காவின் இயந்திர மேடைகளில் வலப்பக்கத்தில் இருப்பதன்மேல் ஓர் ஒளிப்புள்ளி மின்னும். அதுவும் லாவோஸிடம் போகும் வழி. மற்ற முடிவுகளைப் பார்க்க அதைப் பின்னர் பயன்படுத்திக்கொள்ளலாம். முதலில் நீதிமன்றம்வரை நடந்து போய், ஏழு நடுவரும் உங்கள் பக்கம் நிற்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பொட்டலத்தைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது, பூனையையும் தேடித் தர வேண்டும்.